ஆறு செக்கன்

சென்ற வருடப் பரிசளிப்பு விழாவுக்கு வந்திருந்த பெற்றோருக்கு ஞாபகம் இருக்கலாம். கிறாஅத் ஓதி முடிந்து மண்டபத்து விளக்குகளை அணைத்ததும், மேடைத் திரையில் எங்கள் கல்லூரிச் சின்னம் ஒரு பொட்டாகத் தோன்றி, மெல்லப் பெரிதாகி, நடுவில் வந்து நின்றது. அதன் கீழே பச்சை நிறத்தில் எங்கள் மகுட வாசகம். அதற்குப் பிறகுதான் அந்த வருடத்து நிகழ்வுகளின் வீடியோ ஆரம்பித்தது. சின்னம் திரையில் நின்றது சரியாக ஆறு செக்கன். அந்த ஆறு செக்கனைச் செய்தவள் நான்.

சபையில் கைதட்டல் எழுந்தது. ஊடகக் கழகத்துத் தோழிகள் திரைக்குப் பின்னால் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அன்று எனக்குப் பரிசு எதுவும் இல்லை. ஆனாலும் பரிசு வாங்கியவள் போலத்தான் மண்டபத்தை விட்டு வெளியே வந்தேன்.

ஓட்டோவில் உம்மாவுக்கும் எனக்கும் நடுவில் உம்மும்மா இருந்தார். கொஞ்ச தூரம் போனதும், "மகள், படத்துல வந்த ஓதல் எழுத்த ஆரு எழுதின?" என்று கேட்டார்.

"நான்தான் உம்மும்மா" என்றேன், பெருமையாக.

உம்மும்மா உடனே ஒன்றும் சொல்லவில்லை. பாலத்தைக் கடந்த பிறகு, ஓட்டோக்காரருக்குக் கேட்காத குரலில் சொன்னார்: "கையெல்லாம் அறுந்து ஈக்கிது மகள். பொறத்தால ஈந்து எழுதியும் ஈக்கிது."

போனை எடுத்து வீடியோவைத் திறந்து அந்த இடத்தில் நிறுத்திப் பார்த்தேன். உம்மும்மா சொன்னது சரி. மூன்று சொற்கள் கொண்ட அந்த அறபு வாசகத்தின் எழுத்துகள் ஒன்றோடொன்று சேராமல் தனித்தனியாக நின்றன. அதுவும் வலமிருந்து இடமாக அல்ல, இடமிருந்து வலமாக. ஐந்து வயதில் ஓத ஆரம்பித்தவள் நான். ஒரு நாளைக்கு ஒரு பக்கமாவது குர்ஆன் ஓதாமல் தூங்கியதில்லை. நானே எழுதி, நானே பெரிதாக்கி, இருபது முறையாவது ஓட்டிப் பார்த்த வாசகம் அது. என் கண்ணில் படவேயில்லை.

அது எப்படி நடந்தது என்பதைச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இந்தத் தவறைச் செய்த கடைசி ஆள் நானாக இருக்கமாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

விழாவுக்கு நான்கு நாட்கள் இருக்கும்போது தொடக்கக் காட்சி என் பொறுப்புக்கு வந்தது. சின்னம் வேண்டும் என்று கேட்டபோது வட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. கைக்குக் கை மாறி வந்த படம். அகலம் 240 பிக்சல். எங்கள் வீடியோவின் அளவு 1920க்கு 1080. திரையை நிரப்பச் சின்னத்தை 1000 பிக்சல் அளவுக்குப் பெரிதாக்கினால், பழைய படத்தின் ஒரு புள்ளி ஏறத்தாழப் பதினேழு புள்ளிகளின் இடத்தை அடைத்துக்கொள்ள வேண்டும். இல்லாத விவரத்தைக் கணினி எங்கிருந்து கொண்டுவரும்? எல்லாவற்றையும் கலைத்துப் பூசிவிட்டது. விளக்கின் சுடர் மஞ்சள் கறையாகவும், அறபு வாசகம் பச்சைப் பாசியாகவும் தெரிந்தன. ஜேபெக் படத்துக்கு ஊடுதெரியும் பின்னணி கிடையாது என்பதால் சின்னத்தைச் சுற்றி வெள்ளைப் பெட்டி வேறு. அதை வெட்டி எடுத்தபோது ஓரமெல்லாம் வெள்ளை நூல் போல ஒரு கோடு மிஞ்சியது.

வாசகத்தை வாசிக்கவே முடியவில்லை என்பதால் அதை அழித்துவிட்டு, எடிட்டிங் மென்பொருளிலேயே புதிதாக எழுதுவது என்று முடிவெடுத்தேன். வேறிடத்திலிருந்து அறபு எழுத்துகளைப் பிரதி செய்து ஒட்டினேன். பச்சை நிறம் கொடுத்தேன். பக்கத்திலேயே கல்லூரியின் பெயரையும் 'நிகழ்வுகளின் தொகுப்பு' என்ற தலைப்பையும் தமிழில் எழுதினேன். 'தொகுப்பு' உடைந்து வந்தது. கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும், நடுவில் ஒரு புள்ளி வட்டமுமாக இருந்தது. பார்த்த உடனே, "ஐயோ, தமிழ் உடைந்துவிட்டது" என்று கத்தினேன். வேறொரு மென்பொருளில் தமிழைச் சரியாக எழுதி, படமாக்கிக் கொண்டுவந்து ஒட்டினேன். அதற்கு அரை மணித்தியாலம் செலவானது.

அதே திரையில், தமிழுக்கு இரண்டு அங்குலம் மேலே, அறபும் உடைந்துதான் இருந்தது. அதை நான் ஏதோ அலங்கார எழுத்து என்று எடுத்துக்கொண்டேன். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த வாரம் கழகத்துக்குப் பொறுப்பான டீச்சரிடம் போய்ச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. வீடியோவைப் பார்த்துவிட்டு நெற்றியில் கை வைத்துக்கொண்டு, "நானும் பார்த்தேனே பிள்ளை" என்றார். பிறகுதான் காரணத்தை விளக்கினார். ஆங்கில எழுத்து எங்கே நின்றாலும் ஒரே வடிவம். அறபு எழுத்து அப்படியல்ல. சொல்லின் தொடக்கத்தில் ஒரு வடிவம், நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று, தனியே நின்றால் இன்னொன்று. ஐன் எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் திறந்த வாய் போல இருக்கும், நடுவில் ஒரு முடிச்சாகிவிடும். றா, தால் போன்ற ஆறு எழுத்துகள் தமக்குப் பின்னால் வரும் எழுத்தோடு சேர மாட்டா. கணினி தனக்குள் சேமித்து வைப்பது எழுத்தின் பெயரைத்தான். எந்த வடிவத்தை எந்தத் திசையில் போடுவது என்பதை மென்பொருள் தீர்மானிக்க வேண்டும். தமிழிலும் இதே கதைதான். 'தொ' என்று வர, கொம்பைத் தகரத்துக்கு முன்னாலும் காலைப் பின்னாலும் போட மென்பொருளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நாங்கள் பயன்படுத்தியதிலும் மத்திய கிழக்கு, தெற்காசிய எழுத்துகளுக்கென்று ஒரு தெரிவு இருந்தது. அதை நாங்கள் யாரும் போட்டிருக்கவில்லை.

"அதைப் போட்டுவிட்டால் சரியா டீச்சர்?"

"இந்தக் கணினியில் சரி. வேறு கணினியில் திறந்தால் எழுத்துரு இருக்குமா? சின்னம் அப்போதும் மங்கல்தானே? சின்னத்தை ஒருமுறை ஒழுங்காக வரைந்து வையுங்கள். உங்களுக்குப் பிறகு வருகிறவர்களுக்கும் உதவும்."

இரண்டாம் தவணை முடிவில் பழைய மாணவியர் ஒன்றுகூடல் இருந்தது. அதற்கு முன் சின்னத்தை வெக்டர் படமாக வரைந்து முடிப்பதாகச் சொன்னேன். கணிதப் பிரிவுத் தோழி ஒருத்தி, "வெக்டர் என்றால் காவி. எங்கள் பாடத்தில் அப்படித்தான்" என்று திருத்தினாள். காவி என்றால் எனக்குத் துணியின் நிறம்தான் நினைவுக்கு வருகிறது. அதனால் வெக்டர் என்றே வைத்துக்கொள்கிறேன்.

சாதாரணப் படம் என்பது கட்டம் கட்டமாக நிறம் நிரப்பியது. வெக்டர் படத்தில் கட்டங்கள் இல்லை. 'இந்தப் புள்ளியிலிருந்து அந்தப் புள்ளிக்கு இப்படி வளைந்து போ, உள்ளே இந்த நிறத்தை நிரப்பு' என்ற குறிப்புகள்தான் இருக்கும். உம்மா சட்டை வெட்டக் கடதாசியில் எழுதி வைத்திருக்கும் அளவைப் போன்றது அது. பத்து வயதுப் பிள்ளைக்கும் வெட்டலாம், பெரியவருக்கும் வெட்டலாம், ஓரம் பிசிறாது. இந்த வளைகோடுகளுக்குப் பெசியே வளைகோடுகள் என்று பெயர். பியேர் பெசியே என்ற பிரெஞ்சுப் பொறியியலாளர் 1960களில் ரெனோ நிறுவனத்தில் கார்களின் உடலை வரையப் பயன்படுத்திய கணிதம் இது. அவருக்கு முன்பே 1959இல் சிற்றோன் நிறுவனத்தில் போல் டி காஸ்டல்ஜோ இதே கணிதத்தைக் கண்டுபிடித்திருந்தார். அதை உடனே வெளியே சொல்லாததால் பெயர் மற்றவருக்குப் போய்விட்டது. கார் செய்யக் கண்டுபிடித்த கோடு எங்கள் கல்லூரி விளக்கின் சுடரை வரைய வந்திருக்கிறது என்று நினைக்கும்போது எனக்கு இன்னும் சிரிப்பு வரும்.

வரைவதற்கு முதலில் ஒரு மூலம் வேண்டுமே. அப்போதுதான் எங்கள் சின்னம் ஒன்றல்ல, பல என்பது தெரிந்தது. வாயில் பலகையில் விளக்கைச் சுற்றி ஏழு கதிர்கள். எங்கள் உடுப்பில் குத்தும் பட்டியில் ஐந்து. கடிதத்தாளில் கதிரே இல்லை. பட்டுக் கொடியில் தைத்தவர் பிறையைத் திருப்பித் தைத்திருந்தார். ஒவ்வொருவரும் முந்தியவரைப் பார்த்து வரைந்து, கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் மாறிவிட்டிருந்தது. நான் செய்த பிழையையும் யாராவது பார்த்து வரைந்திருப்பார்கள் என்று அப்போது உறைத்தது.

அதிபரின் அறைச் சுவரில், அலுமாரிக்குப் பின்னால் பாதி மறைந்து, கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு ஓவியம் இருந்தது. அந்தக் காலத்துச் சித்திர ஆசிரியர் ஒருவர் பிறிஸ்டல் போர்டில் நிறக்கலவையால் வரைந்தது. ஏழு கதிர்கள். மகுட வாசகம் வளையத்தின் வளைவுக்கு ஏற்ப வளைந்து, இடம் போதாத ஓரிடத்தில் ஒரு எழுத்து இன்னொன்றின் தோளில் ஏறி உட்கார்ந்திருந்தது. எந்த எழுத்துருவிலும் அப்படிக் கிடைக்காது. சட்டத்திலிருந்து கழற்ற அதிபர் அனுமதி தந்தார். வெயில் நேராக விழாத வராந்தாவில் சுவரில் சாய்த்து, கிட்டப் போகாமல் தள்ளி நின்று பெரிதாக்கிப் படம் எடுத்தேன். கிட்டப் போய் எடுத்த முதல் படத்தில் வட்டம் முட்டையாக வந்திருந்தது.

இன்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில்தான் வேலை செய்தேன். அதில் புகைப்படத்தைத் தானாகவே கோடுகளாக மாற்றும் வசதி உண்டு. ஒரு பட்டனை அழுத்தினால் போதும், சின்னம் தயார். நானும் மகிழ்ந்து போனேன். பெரிதாக்கிப் பார்த்தால், வட்டத்தின் ஓரம் எறும்பு கடித்த இலை போல இருந்தது. தூரிகையின் நடுக்கம், போர்டின் சுருக்கம், புகைப்படத்தின் நிழல் எல்லாவற்றையும் அது நேர்மையாக வரைந்து வைத்திருந்தது. ஒரு வட்டத்துக்கு நான்கு நோட் போதும். என் வட்டத்தில் எண்ண முடியாத அளவு நோட்கள். அதனால் வட்டம், பிறை, புத்தகம், விளக்கு, கதிர் எல்லாவற்றையும் புகைப்படத்தின் மேல் வைத்துக் கையால் மறுபடி வரைந்தேன். நோட் குறையக் குறையக் கோடு அழகாகும். சுடரை ஐந்து நோட்களில் கொண்டுவர மூன்று இரவுகள் போயின.

உம்மா கதவருகே நின்று, "சோதினைக்கு இந்தச் சின்னமா வரப்போகுது?" என்று கேட்டார். தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் என் மூன்று பாடங்களில் ஒன்று என்று பதில் சொன்னேன். மற்ற இரண்டு பாடங்களின் பெயரையும் உம்மா ஞாபகப்படுத்தினார்.

அறபு எழுத்தை மட்டும் கையால் வரைய எனக்குத் துணிவு வரவில்லை. அதைத் தானியங்கி முறையிலேயே எடுத்தேன். அப்போது படத்தில் இருந்த தூசுப் புள்ளிகளும் எழுத்தோடு வந்தன. சிறு பொட்டுகளை நீக்கும் ஒரு தெரிவு அதில் இருக்கிறது. அதைக் கூட்டி வைத்ததும் எல்லாம் பளிச்சென்று சுத்தமாகிவிட்டது.

இந்த முறை யாரிடமும் காட்டாமல் அனுப்புவதில்லை என்று நிய்யத் வைத்திருந்தேன். உம்மும்மாவைக் கூட்டிவந்து கதிரையில் இருத்தி, எழுத்தை லெப்டொப் திரை நிறையப் பெரிதாக்கிக் காட்டினேன். கண்ணில் வெள்ளை எடுத்த பிறகு உம்மும்மாவுக்குத் தூரத்துப் பார்வை நல்லது, கிட்டத்துக்குத்தான் கண்ணாடி வேண்டும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலைத் திரையில் வைத்து, குர்ஆன் ஓதுவது போலவே வலமிருந்து இழுத்துக்கொண்டு போனார். ஒரு இடத்தில் விரல் நின்றது.

"நூனுட புள்ளி எங்க?"

"புள்ளியா?"

"புள்ளி இல்லாட்டி அது நூன் இல்லயே மகள்."

நான் தூசு என்று நினைத்து நீக்கியவற்றில் அதுவும் போயிருந்தது. மூலப் படத்தைத் திறந்து பார்த்தேன். கிண்ணத்துக்கு மேலே, நிறம் கொஞ்சம் உதிர்ந்து, சின்னதாகப் புள்ளி இருந்தது. அதோடு இன்னொரு இடத்தில் உம்மும்மா, "இந்தப் புள்ளி எங்கால வந்த?" என்றார். அது ஈ இருந்த கறை. கணினிக்கு எது தூசு, எது எழுத்து என்று தெரியாது. பெரியது, சிறியது என்பதுதான் தெரியும். பெரிய கறை தப்பியது, சிறிய புள்ளி அழிந்தது.

அன்றிரவு உம்மும்மா ஒரு மணித்தியாலம் என் பக்கத்தில் இருந்தார். லாமின் தலை குட்டையாக இருக்கிறது, மீமின் வயிறு அடைபட்டுவிட்டது என்று ஒவ்வொன்றாகச் சொல்ல, நான் நோட்களை இழுத்து இழுத்துத் திருத்தினேன். நடுவில் எழுந்து போய், தன்னுடைய தகரப் பெட்டியிலிருந்து ஒரு பழைய கிதாபை எடுத்து வந்தார். அட்டையும் முதல் தாள்களும் இல்லாத அறபுத் தமிழ்ப் புத்தகம். அறபு எழுத்தில் தமிழை எழுதுவதுதான் அறபுத் தமிழ். அறபில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குப் புள்ளிகளைக் கூட்டி எழுத்துகளை உண்டாக்கியிருக்கிறார்கள். "இது கல்லச்சு" என்றார் உம்மும்மா. எழுதத் தெரிந்த ஒருவர் கையால் எழுதியதைக் கல்லுக்கு மாற்றி அச்சடிப்பது கல்லச்சு முறை. தனித்தனி ஈய எழுத்துகளைக் கோக்க வேண்டியதில்லை. பக்கம் முழுவதும் ஒரு சித்திரம். அதனால் எழுத்து உடைந்து விழ வழியே இல்லை.

நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். வெக்டர் மென்பொருளில் எழுத்தைக் கோடாக மாற்றுவது என்று ஒரு வேலை உண்டு. மாற்றிய பிறகு அது எழுத்தல்ல, வரைந்த உருவம். எந்தக் கணினியில் திறந்தாலும், அந்த எழுத்துரு அங்கே இல்லாவிட்டாலும், அப்படியே நிற்கும். பாமினி எழுத்துருவில் எழுதிய தமிழ், பாமினி இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக வருவதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது. மாற்றிய பின் ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தக்கூட முடியாது, எல்லாவற்றையும் மறுபடி எழுத வேண்டும். கல்லில் ஏறிய பிழை போல, அதுவும் அப்படியே நின்றுவிடும். அதனால் கோடாக மாற்றுவதற்கு முன் அந்த மொழியை வாசிக்கத் தெரிந்த ஒருவர் விரல் வைத்து வாசிக்க வேண்டும். நான் இப்போது இரண்டு கோப்புகள் வைத்திருக்கிறேன். கல்லூரியின் தமிழ்ப் பெயர் எழுத்தாகவே இருக்கும் ஒன்று, கோடாக மாறிய ஒன்று.

கிதாபை மூடும்போது நான் கேட்டேன். "உம்மும்மா, அன்டைக்கு மண்டபத்துல அவ்வளவு பேர் இருந்தாங்க. ஒருத்தரும் கவனிக்கல்ல. உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்ச?"

"எனக்கு வாசிக்கத் தெரிஞ்ச ஒண்டு அதுதானே மகள் வந்த" என்றார்.

உம்மும்மாவை இரண்டாம் வகுப்போடு வீட்டில் நிறுத்திவிட்டார்கள். தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். திரையில் கல்லூரியின் பெயர் வந்தது, தலைப்பு வந்தது, மாணவிகளின் பெயர்கள் வந்தன. எல்லாம் அவர் கூட்டி முடிக்கும் முன் போய்விட்டன. குர்ஆனும் அறபுத் தமிழும் மட்டும் அவருக்குத் தண்ணீர் போல வரும். அந்த இருபது நிமிட வீடியோவில் அவர் வாசிக்கக்கூடியதாக இருந்தது ஒரே ஒரு வரி. அதைத்தான் நான் உடைத்து வைத்திருந்தேன். தமிழை மட்டும் அரை மணித்தியாலம் மினக்கெட்டுச் சரிசெய்திருந்தேன்.

அதற்குப் பிறகு வேலையில் எனக்கு அவசரம் வரவில்லை.

வரைந்து முடித்தால் எல்லாம் முடிந்தது என்று நினைத்தால் அதுவும் இல்லை. நாங்கள் பயன்படுத்தும் எடிட்டிங் மென்பொருள் எஸ்.வி.ஜீ. என்ற வெக்டர் கோப்பை ஏற்பதில்லை. ஊடுதெரியும் பின்னணியோடு பீ.என்.ஜீ. படமாக எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும். அப்படிச் செய்தால் வெக்டர் மறுபடி கட்டங்களாகிவிடும். ஆகவே திரையில் அது எவ்வளவு பெரிதாக வரப்போகிறது என்பதை முதலே யோசித்து, அந்த அளவுக்கு எடுக்க வேண்டும். நான் வீடியோ அளவின் இரு மடங்கில், 3840க்கு 2160 என்று பக்கத்தை அமைத்தேன். காட்சியில் சின்னத்தைக் கிட்டக் கொண்டுவந்தாலும் மங்காது.

பிறையும் புத்தகமும் விளக்கும் ஒவ்வொன்றாகத் தோன்ற வேண்டும் என்பதால் அவற்றை வெவ்வேறு லேயர்களில் வைத்து, ஒவ்வொன்றையும் தனிப் படமாக எடுத்தேன். முதல் முறை, தெரிவு செய்த பகுதியை மட்டும் எடுத்ததில் ஒவ்வொரு படமும் ஒவ்வோர் அளவில் வந்தது. வீடியோவில் போட்டதும் எல்லாம் நடுவுக்கு ஓடிவந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. விளக்கு புத்தகத்தின் வயிற்றில், பிறை விளக்கின் தலையில். அடுத்த முறை பக்கம் முழுவதையும் எடுத்தேன். விளக்குப் படத்தில் விளக்கைத் தவிர மற்றதெல்லாம் வெறுமை. ஆனால் எல்லாப் படங்களும் ஒரே அளவு என்பதால், அடுக்கியதும் தத்தம் இடத்தில் அமர்ந்தன. இதை யாராவது எனக்கு முதலே சொல்லியிருந்தால் ஒரு வெள்ளிக்கிழமை மிஞ்சியிருக்கும்.

ஒரு வியாழக்கிழமை பாடசாலை விட்ட பின் மண்டபத்தில் புரொஜெக்டரைப் போட்டுப் பார்த்தோம். லெப்டொப்பில் அழகாக இருந்த வெளி வளையம் திரையில் மினுங்கியது. கடதாசியில் மெல்லிய கோடு அழகுதான். வீடியோவில், ஒரு பிக்சலுக்கும் குறைவான கோடு நகரும்போது ஒரு கணம் தெரியும், மறு கணம் மறையும். இறுதித் திரையில் நான்கு பிக்சல் வருமாறு அதைத் தடிப்பாக்கினேன். அச்சகத்துக்குக் கொடுத்த கோப்பில் இருந்த பச்சையும் சரிவரவில்லை. அச்சு மைக்கான நிறக் கணக்கு வேறு, திரையின் ஒளிக்கான கணக்கு வேறு. டீச்சர் பட்டுக் கொடியைக் கொண்டுவந்து திரைக்குப் பக்கத்தில் பிடிக்க, நான் எண்களை மாற்றி மாற்றி அதற்குக் கிட்டிய பச்சையைப் பிடித்தேன். சிவப்பு 0, பச்சை 104, நீலம் 55. இந்த எண்களைக் கழகத்தின் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். யாராவது சின்னம் கேட்டால் இனி வட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம். பென் டிரைவ் அலுவலகத்தில் இருக்கிறது.

ஒன்றுகூடலுக்கு உம்மும்மா பழைய மாணவி அல்ல. ஆனாலும் சாச்சி பழைய மாணவி என்பதால் அவரோடு வந்திருந்தார். நான் திரையைப் பார்க்கவில்லை. பக்கவாட்டுத் திரைச்சீலையின் இடைவெளியால் மூன்றாவது வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறை வந்தது, புத்தகம் வந்தது, விளக்கு எரிந்தது. பிறகு வாசகம் வலமிருந்து இடமாக விரிந்தது. உம்மும்மாவின் உதடுகள் அசைந்தன. பக்கத்தில் இருந்த ஒரு வயதான உம்மாவின் உதடுகளும் அசைந்தன. அவரை எனக்குத் தெரியாது.

விழா முடிந்து வெளியே வந்ததும் ஓடிப்போய்க் கேட்டேன்.

"இப்ப சரி மகள்" என்றார் உம்மும்மா. "ஆனா ஓதி முடிக்க முந்திப் போகுதே."

அன்றிரவு கோப்பைத் திறந்து, ஆறு செக்கனை ஒன்பது செக்கனாக்கி, மறுபடி எக்ஸ்போர்ட் செய்தேன்.